உள் தாழ்ப்பாள்

காலை ஐந்தரை. முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. முன்பு நெல் வயல். இப்போது மனை எண்கள். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை.

பச்சை கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. பால்காரப் பையன் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றுகிறான். ஆவின் பச்சை பாக்கெட், அரை லிட்டர், பைக்குள் விழுகிறது. கேட்டை ஒரு தட்டு. அவ்வளவுதான்.

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெரியவர் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்று தொட்டிகள். ஒரு சொம்பு தண்ணீர். கால் மணி நேரமாக ஊற்றுகிறார்.

பச்சை கேட் வீட்டின் கதவு திறக்கிறது. ஒரு கை நீள்கிறது. பை உள்ளே போகிறது. மாடியில் சொம்பு காலியாகிறது. பெரியவரும் உள்ளே போகிறார்.

சற்று நேரத்தில் மாடியில் ரேடியோ பாடத் தொடங்குகிறது. பிறகு மாநிலச் செய்தி. பச்சை கேட் வீட்டின் சமையலறை ஜன்னல் ஒரு சாண் திறக்கிறது. தலைப்புச் செய்திகள் முடிந்ததும் சாத்திக்கொள்கிறது.

இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாடிக்காரருக்குத் தெருவில் பெயர் ‘கார்டு சார்’. வயது 91. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டியவர். அந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அவர் ஓய்வு பெற்றது 1992-இல், 58 வயதில். வேலை பார்த்த வருஷமும் பென்ஷன் வாங்கிய வருஷமும் இப்போது ஏறத்தாழ சமம்.

அவரது டைரியின் முதல் பக்கத்தில் ஒரு கணக்கு. 80-க்கு 20. 85-க்கு 30. 90-க்கு 40. 95-க்கு 50. 100-க்கு 100. வயது ஏற ஏற அடிப்படை ஓய்வூதியத்தின் மேல் அரசாங்கம் கூட்டித் தரும் சதவீதம். முதல் மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே ‘டபுள்’ என்று எழுதி அடிக்கோடு.

பச்சை கேட் பாட்டிக்கு 86. கணவர் ரயில்வே பணிமனையில் இருந்தவர். இப்போது குடும்ப ஓய்வூதியம். போன வருஷம்தான் 30 சதவீதம் ஏறியது. ஏறிய மாதம் பாட்டி ஒரு ஃபேன் மாற்றினார். பழையதைப் போடவில்லை. பரணில் இருக்கிறது.

வாசலில் ஒரு குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல். பாட்டி அதில் உட்கார்ந்து கோலம் போடுகிறார். புள்ளி வைக்கிறார். எழுந்து ஸ்டூலை நகர்த்துகிறார். உட்காருகிறார். மீதிப் புள்ளிகள். ஏழு புள்ளிக் கோலம் ஐந்தாகி, இப்போது மூன்று. பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண் விளக்குமாறோடு நின்று பார்க்கிறார்.

“குடுங்கம்மா, நான் போட்டுடறேன்.”

“உன் வாசலைப் பாரு.”

கோலத்தின் ஒரு வளைவு சேராமல் நிற்கிறது. பாட்டி அதைப் பார்க்கிறார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்.

ஏழு மணிக்குத் தெருமுனையில் ஒரு குழந்தை வண்டி தெரிகிறது. குழந்தை இல்லை. அரைக்கீரை, முளைக்கீரை, மணத்தக்காளி, மேலே ஈரச் சாக்கு. தள்ளிக்கொண்டு வருவது ஆயா. வயது கேட்டால், “எம்பதுக்கு மேல இருக்கும் போ” என்பார். யாரோ தூக்கிப்போட்ட வண்டி. கையில் கோல் பிடிக்கச் சொன்னால் ஆயா பிடிக்க மாட்டார். வண்டியைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

ஆயா ஊர்ப் பக்கம். தெருவில் மற்றவர்கள் எல்லாம் நகர்ப் பக்கம். பச்சை கேட் வீட்டுக் கிணறு இருக்கும் இடத்தில் நாற்று நட்டதை ஆயா எப்போதாவது சொல்வார். கீரைக்கட்டின் விலை படியாதபோது சொல்வார்.

“பதினஞ்சா? போன வாரம் பத்துதானே?”

“போன வாரம் மழ இல்லியே தாயி.”

பேரம் பத்து நிமிஷம் நடக்கிறது. ஐந்து ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குள் இரண்டு வீட்டுச் செய்தி கைமாறிவிட்டது. மூன்றாவது வீட்டுத் தாத்தாவுக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மூலை வீட்டு அம்மா மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

பாட்டி காப்பி கொண்டுவருகிறார். வெளி ஜன்னல் கட்டையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கிறது. ஆயா அதை நிமிர்த்திப் பிடிக்கிறார். பாட்டி உயரத்திலிருந்து ஊற்றுகிறார். குடித்து முடித்ததும் ஆயா குழாயடியில் கழுவி, அதே கட்டையில் கவிழ்க்கிறார். இருவருக்கும் பழகிய வேலை. இருபது வருஷமாக அந்த டம்ளர் நிலைப்படி தாண்டவில்லை.

ஆயாவுக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் பணம் வருகிறது. 2023 வரை அது ஆயிரம். ரேஷன் பொருள் வீட்டுக்கே வரவும் இப்போது வழி உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம். எழுபது தாண்டிய, தனியாக இருக்கும் ஆயாவைப் போன்றவர்களுக்காகவே வந்தது. வண்டி வாசலுக்கு வரும். எடைத் தராசும் கைரேகைக் கருவியும் கூட வரும்.

ஆயா இன்னும் பையை எடுத்துக்கொண்டு கடைக்கே போகிறார். வரிசையில் நிற்காமல் திண்ணையில் உட்காருகிறார். செருப்பு மட்டும் வரிசையில் நிற்கிறது.

“வூட்டுக்கே வந்துட்டா நான் யாரப் பாக்கறது?”

பாட்டி வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா. மகன் நியூஜெர்சியிலிருந்து வந்தபோது மாட்டிவிட்டுப் போனது. காலை ஆறு மணிக்குப் பாட்டி ஒரு கோடு போட்ட துண்டை அதன் மேல் போடுகிறார். இரவு ஒன்பதுக்கு மகன் கூப்பிடும் நேரத்தில் எடுக்கிறார். பல்லி வருகிறது என்பது காரணம். ஆறு மணிக்கு அங்கே முந்தின நாள் இரவு. துண்டு ஏறுவதைப் பார்த்துவிட்டு அவர்கள் சாப்பிட உட்காருகிறார்கள்.

சாப்பாட்டு மேஜையில் மாத்திரை டப்பா. ஏழு அறை. ஞா, தி, செ, பு, வி, வெ, ச. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஞாயிற்றுக்கிழமை வந்து நிரப்புகிறாள். பாட்டிக்கு எழுத்து தெரிகிறது, அட்டையில் அச்சடித்த பெயர்தான் தெரிவதில்லை. அவள் நிரப்பி முடித்ததும் பாட்டி ஒவ்வொரு அறையாகத் திறந்து எண்ணுகிறார். சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி எண்ணுகிறார். கூலி ஒரு கிண்ணம் ஓமப்பொடி.

மூன்றாவது வீட்டில் கிரில் கேட் பூட்டியே இருக்கிறது. தாத்தா உள்ளே நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வாட்ச். சாவி அவர் மனைவியின் இடுப்பில்.

“வண்டி வந்துச்சா?”

கடந்து போகும் எல்லோரையும் கேட்கிறார். தெருவில் எல்லோருக்கும் பதில் தெரியும். “இன்னும் அஞ்சு நிமிஷம் சார்.” வெளிவட்டச் சாலையோரம் 2024-இல் ஆம்னி பஸ்களுக்கான நிறுத்தம் திறந்த பிறகு பெரிய பெரிய ஹாரன்கள் தெரு வரை கேட்கின்றன. தாத்தா ஒவ்வொன்றுக்கும் வாட்ச்சைப் பார்க்கிறார்.

அக்டோபரில் ஒரு நாள் காலை பதினொன்று. போஸ்ட்மேன் வண்டியை நிறுத்துகிறார். தபால் இல்லை. பையிலிருந்து ஒரு சிறிய கறுப்புக் கருவி, ஒரு செல்போன்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு நவம்பர். 80 தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அக்டோபர் 1-ஆம் தேதியே கதவு திறக்கிறது. 2014 முதல் அதற்கு ஜீவன் பிரமாண் என்று பெயர். போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து எடுத்தால் 70 ரூபாய். கார்டு சார் ஒன்றாம் தேதி காலையிலேயே தம்முடையதை முடித்துவிட்டார். இப்போது மாடியிலிருந்து மேற்பார்வை.

பாட்டி வலது கட்டைவிரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு.

“கொஞ்சம் அழுத்துங்க பாட்டிம்மா.”

சிவப்பு.

“கை கழுவிட்டு வாங்க.”

கழுவுகிறார். துண்டில் துடைக்கிறார். புடவையில் துடைக்கிறார். இடது கட்டைவிரல். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. பாத்திரம் தேய்த்த விரல், கோலப்பொடி கிள்ளிய விரல். ரேகை எல்லாம் வழவழவென்று இருக்கிறது.

“தேங்காண்ணெய் தடவச் சொல்லு!” மாடியிலிருந்து.

“எண்ணெ தடவினா வழுக்கும் சார்,” என்கிறார் போஸ்ட்மேன்.

ஆயா வண்டியை ஓரமாக விட்டுவிட்டுப் படியில் உட்காருகிறார். தம் கட்டைவிரலைத் திருப்பிப் பார்க்கிறார். ரேஷன் கடையில் அதற்கும் இதே சிவப்புதான்.

கருவி பைக்குள் போகிறது. போஸ்ட்மேன் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார். இப்போது முகம். பாட்டி கண்ணாடியைக் கழற்றுகிறார். முந்தானையைச் சரி செய்கிறார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். விபூதி இருக்கிறது.

“கண்ணை மூடித் திறங்க.”

பாட்டி கண்ணை மூடுகிறார். மூடியபடியே இருக்கிறார்.

“திறங்க பாட்டிம்மா.”

“நீ சொல்லலியே.”

மறுபடி. இந்த முறை சீக்கிரம் திறந்துவிட்டார். மறுபடி. திரையில் ஒரு பச்சை வட்டம் சுற்றுகிறது. பக்கத்து வீட்டுப் பெண், வேலைக்காரப் பெண், ஆயா மூவரும் தாங்களும் கண்ணை மூடித் திறக்கிறார்கள்.

செய்தி வந்து விழும் சத்தம்.

“இன்னும் இருக்கேன்னு எழுதிட்டானா?”

“எழுதிட்டான்.”

பாட்டி மடித்து வைத்திருந்த நூறு ரூபாயை நீட்டுகிறார். மீதி முப்பதை வாங்கி எண்ணுகிறார். மாடியில் ஒரு நாற்காலி இழுபடுகிறது. ஆய்வு முடிந்தது.

அந்த மாடி வீட்டின் கீழ்ச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெயின்ட் கோடு. பக்கத்தில் 2.12.2015. அன்று காலை எட்டரையோடு முடிந்த இருபத்து நாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரையை விட்டுத் தெருவுக்குள் வந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. கார்டு சாருக்கு அப்போது 81. பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். மறு மாதமே கீழ் வீட்டை வாடகைக்கு விட்டு மாடிக்குப் போனார். முட்டி வலிக்குமே என்றவர்களுக்கு, “முட்டி முழுகாது” என்றார்.

பாட்டியின் பத்திரம், பாஸ்புக், பென்ஷன் ஆர்டர் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் கார்டு சார் வீட்டு பீரோவில் இருக்கின்றன. கார்டு சாரின் உபரிச் சாவி பாட்டி வீட்டு அரிசி டின்னில். பாட்டியின் உபரிச் சாவி பக்கத்து வீட்டுப் பெண்ணின் பென்சில் பாக்ஸில். இது எந்த டைரியிலும் இல்லை.

மாதம் ஒருமுறை பாட்டி மேற்குத் தாம்பரம் போகிறார். பஸ் படி உயரம். முதலில் பை ஏறுகிறது. பிறகு ஒரு கை. பிறகு யாரோ ஒருவரின் தோள். பிறகு பாட்டி. 2021 மே முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். பாட்டி அதை மடித்துச் சுருக்குப்பையில் வைக்கிறார். செக்கர் கேட்டால் காட்ட வேண்டும். போன மாதச் சீட்டும் உள்ளே இருக்கிறது.

வங்கியில் வேலை ஐந்து நிமிஷம். உட்காருவது முக்கால் மணி. ஏ.சி. இருக்கிறது.

மாலை ஐந்தரை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பாலத்துக் கட்டை. ஆண்கள் அணி. ஐந்து பேர். கட்டையின் ஒரு முனையில் மின்கம்பம், அதில் மட்டும் முதுகு சாய்க்கலாம். அந்த இடம் கார்டு சாருக்கு. அவருக்கு முன் வேறொருவருக்கு இருந்தது. ஒருவர் போனால் மற்றவர்கள் ஓர் இடம் கம்பத்தை நோக்கி நகர்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்க்காதவர்களும் இந்த சீனியாரிட்டியை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு 84.

“தம்பி, தள்ளி உக்காரு.”

தம்பி தள்ளி உட்காருகிறார்.

பேச்சு பெரும்பாலும் பழையது. 2024 மக்களவைத் தேர்தலில் 85 தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று வந்தது. 12டி படிவம் கொடுத்தால் அதிகாரிகள் வாக்குச்சீட்டோடும் வீடியோ கேமராவோடும் வருவார்கள். மூன்றாவது வீட்டுக்கு வந்தார்கள். கார்டு சார் படிவம் வாங்க மறுத்துவிட்டார். ஏப்ரல் 19 வெயிலில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். தாமே நடந்ததாகச் சொல்கிறார். பின்னால் இருபதடி தள்ளி பேரன் பைக்கை உருட்டிக்கொண்டே வந்ததைத் தம்பி சொல்கிறார். கார்டு சாருக்கு அந்த நேரத்தில் காது கேட்பதில்லை.

வருஷத்துக்கு வருஷம் ரயில்வே பாஸ் வாங்கிவிடுகிறார். போவதில்லை. இந்த வருஷம் மதுரை.

அக்டோபர் கடைசி. இரவெல்லாம் மழை.

காலை ஐந்தரை. மஞ்சப்பையில் பால். ஐந்தே முக்கால். பை தொங்குகிறது. ஆறு. பைக்குள் தண்ணீர் இறங்குகிறது.

மழை கொட்டுகிறது. மாடியில் கார்டு சார் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

ஆறு பத்து. இரண்டாவது சொம்பு. ரேடியோ போடவில்லை. ஆறேகாலுக்குப் பால்கனியில் செல்போன் அடிக்கிறது. நியூஜெர்சி எண். துண்டு ஏறவில்லை. கூடம் மட்டும் தெரிகிறது. நாற்காலி, காலண்டர், விளக்கு.

கார்டு சார் இறங்குகிறார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. குடை இல்லை. ஆயா அவருக்கு முன்பே பச்சை கேட்டில் நிற்கிறார். கீரை நனைகிறது. பக்கத்து வீட்டுப் பெண் பென்சில் பாக்ஸோடு ஓடி வருகிறாள். பூட்டு திறக்கிறது. கதவு திறக்கவில்லை.

உள் தாழ்ப்பாள்.

“தங்கச்சி!” என்கிறார் கார்டு சார். அவர் அப்படிக் கூப்பிட்டு இந்தத் தெரு கேட்டதில்லை.

பெண்ணின் அப்பாவும் பால்காரப் பையனும் தோளால் இடிக்கிறார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் திருகாணி பெயர்ந்து கதவு உள்ளே விழுவதுபோல் திறக்கிறது.

பாட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். முந்தின நாள் வாங்கிய சளி மாத்திரை. தலைமாட்டில் அட்டை கிடக்கிறது. கூடத்தில் ஐந்து பேர், சொட்டச் சொட்ட.

பாட்டி ஒவ்வொருவராகப் பார்க்கிறார். பிறகு தரையைப் பார்க்கிறார்.

“ஈரக் காலோட யாரு உள்ள வந்தது?”

யாரும் பேசவில்லை. கார்டு சார் நாற்காலியைத் தேடி உட்காருகிறார். முட்டி நடுங்குகிறது. அதன் மேல் கையை வைத்து மறைக்கிறார். பெண் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுகிறாள். பால்காரப் பையன் கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம். ஆயா. எந்த டப்பாவில் எது என்று கேட்கவில்லை. ஸ்டாண்டிலிருந்து கைக்கு வந்த டம்ளர்களை எடுத்து ஆறு காப்பி. ஐந்தைக் கொடுத்துவிட்டு ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துத் தரையில் உட்காருகிறார். பாட்டி அந்த டம்ளரைப் பார்க்கிறார். சர்க்கரை தூக்கல் என்கிறார்.

ஜன்னல் கட்டையில் கவிழ்ந்த டம்ளரின் மேல் மழை விழுகிறது.

மறுநாள் வெயில். ஆயா வாசலில் குடிக்கிறார். அதே கட்டை, அதே டம்ளர்.

பத்து மணிக்குத் தச்சர் வருகிறார். பெயர்ந்த தாழ்ப்பாளைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிறார். 350 ரூபாய். உடைத்தவர்தான் தர வேண்டும் என்கிறார் பாட்டி. கேட்டுக்கு வெளியே நின்று, பூட்டியவர்தான் தர வேண்டும் என்கிறார் கார்டு சார். இருவரும் இவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாகிறது. ஆயா நூற்று எழுபத்தைந்து, நூற்று எழுபத்தைந்து என்று தீர்ப்புச் சொல்கிறார்.

தச்சர் துளைபோட இடம் பார்க்கிறார்.

“எந்தப் பக்கம்மா போடணும்?”

“உள் பக்கந்தான். வேற எங்க?”

தச்சர் பெரிய தாழ்ப்பாள் ஒன்றைக் கதவில் வைத்துக் காட்டுகிறார். பாட்டி எதிர் மாடியைப் பார்க்கிறார். குரலைத் தாழ்த்துகிறார்.

“சின்னதா போடு. ரெண்டு இடி இடிச்சா கழண்டுக்கற மாதிரி.”

“சின்னதுக்கும் கூலி அதேதாம்மா.”